வாண்டு விமானம் பார்த்த சனிக்கிழமை

லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்குக் கை ஓடினால் மட்டும் போதாது, வாயும் ஓட வேண்டும். இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர்கள் முதலில் தேடுவது ஒரு மனிதக் குரலைத்தான். அந்தக் குரலுக்காகவே இந்த லிஃப்ட்காரனைப் பல கட்டடங்களில் கேட்டு வாங்குவார்கள். மூடிய கதவுக்கு வெளியே நின்று, "உள்ள யாருங்க? நான் வந்துட்டேன். கதவை மட்டும் தள்ளாதீங்க. நான் வேலையை முடிக்கிற வரைக்கும், உங்க வீட்ல இன்னைக்கு என்ன சண்டைன்னு சொல்லுங்க கேப்போம்" என்று ஆரம்பிப்பான். மூச்சு முட்டுகிறது என்று உள்ளே கத்திக்கொண்டிருந்த ஒரு பெரிய அதிகாரி, கதவு திறந்தபோது, "பாதிக் கதையில திறந்துட்டியேப்பா" என்று கோபித்துக்கொண்டதும் உண்டு.

அப்படிப்பட்டவனுடைய பேச்சு சொந்த மகளிடம் எடுபடவில்லை.

மகளுக்கு அடுத்த மாதம் இரண்டு வயது. வீட்டில் அவளை 'வாண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். செய்கிற வேலையெல்லாம் அந்த லட்சணம். அப்பாவின் செருப்பை வாஷிங் மெஷினுக்குள் போடுவாள். பீரோச் சாவியைக் குளியலறைக் கதவின் அடியில் தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு வந்து மடியில் உட்காருவாள். ஆனால் பேச்சு வரவில்லை. 'அ', 'ம' என்று ஏதோ சத்தம் வரும், அதோடு சரி. "சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும். அப்புறம் வாயை மூட வைக்க முடியாது" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். அவனும் மனைவியும் அதையே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

ஒரு நாள் மாலை மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தான். வாண்டு தரையில் உட்கார்ந்து துணிக் கிளிப்புகளை ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எதிர்வீட்டுப் பையன், இவள் வயதுதான். ஒரு விமானம் தாழப் பறந்து போனது. பையன் சத்தம் கேட்டதுமே அண்ணாந்து பார்த்துக் கையை ஆட்டினான். வாண்டு கிளிப்பு எடுத்துக்கொண்டே இருந்தாள். பையன் கை ஆட்டுவதைப் பார்த்த பிறகுதான் அவளும் மேலே பார்த்தாள். பார்த்ததும் ஒரே குதூகலம். அவளுக்கு விமானம் என்றால் உயிர். ஆனால் அது வருவது அவளுக்குத் தெரியவில்லை.

அவன் அதைக் கவனித்துவிட்டான். மனைவியிடம் சொல்லவில்லை. அவள் மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவள். எதற்கு இதையும் அவள் தலையில் ஏற்ற வேண்டும் என்று விட்டுவிட்டான்.

சில நாள் கழித்து, ஒரு விடுமுறை நாளில் சமையலறையிலிருந்து பாத்திர மூடி விழும் சத்தம் கேட்டது. அவன் எட்டிப் பார்த்தான். மனைவி மூடியைக் குனிந்து எடுத்தாள், வாண்டுவின் முதுகுக்குப் பின்னால் நின்று மறுபடியும் கீழே போட்டாள். தவறி விழவில்லை, வேண்டுமென்றே போட்டாள். நிமிர்ந்தவள் கதவருகே அவன் நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

"நீயுமா?" என்றான் அவன்.

"நீங்களுமா?" என்றாள் அவள்.

இருவரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். வாண்டு திரும்பிப் பார்த்தாள், அம்மா கையிலிருந்த மூடியைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் தட்டுக்கும் கரண்டிக்கும் ஓய்வில்லை. ஒரு நாள் தட்டினால் திரும்புவாள். "பாத்தியா, கேக்குது!" என்று அவன் துள்ளுவான். மறுநாள் அதே தட்டு, அதே கரண்டி, திரும்பமாட்டாள். "விளையாட்டு மும்முரத்துல இருக்கா" என்பான். "என் நிழலைப் பாத்துத்தாங்க நேத்து திரும்பினா" என்பாள் மனைவி. குழந்தை மருத்துவரிடம் போனார்கள். அவர் வாண்டுவின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், அடிக்கடி சளி பிடிக்குமா என்று கேட்டார். பிடிக்கும் என்றார்கள். "நானா ஒண்ணும் சொல்லக்கூடாது. காது டாக்டர்கிட்ட டெஸ்ட் எடுத்துடலாம்" என்று அனுப்பினார். காது மருத்துவமனையில் திங்கட்கிழமைக்கு நேரம் கொடுத்தார்கள்.

லிஃப்ட் கம்பெனிப் பட்டறையில் ஒரு பெயிண்டர் இருந்தான். பிறந்ததிலிருந்தே காது கேட்காது. லிஃப்ட் கதவுகளுக்கு அவன் பெயிண்ட் அடித்தால் முகம் பார்த்துத் தலை வாரலாம். பட்டறையில் பெரிய குறும்புக்காரனும் அவன்தான். மேனேஜர் நடப்பதை அவன் பின்னாலேயே நடந்து காட்டினால் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். கல்யாணம், குழந்தைகள், சொந்த வீடு எல்லாம் உண்டு. 'அவன் நல்லாத்தானே இருக்கான்' என்று லிஃப்ட்காரன் தனக்குத்தானே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டான். அவனைத் தின்றது வேறு ஒன்று. மகள் பிறந்ததிலிருந்து வாய் ஓயாமல் இவளிடம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறோமே, அவ்வளவும் இவளைப் போய்ச் சேரவே இல்லையா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள் மாதிரி இந்தப் பிள்ளை வீட்டுக்குள்ளேயே தனியாக இருந்திருக்கிறதா? நமக்குத் தெரியாமலே போய்விட்டதா?

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பெயிண்டரிடம் போய், கைபேசியில் 'எனக்குச் சைகை பாஷை சொல்லிக்கொடு' என்று எழுதிக் காட்டினான். பெயிண்டர், 'உனக்கெதுக்கு?' என்று எழுதினான். 'சும்மாதான்' என்று இவன் எழுதினான். பெயிண்டர் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மேற்கொண்டு கேட்கவில்லை. முதலில் கெட்ட வார்த்தைகளைத்தான் சொல்லிக்கொடுத்தான். இவன் சிரித்த பிறகு பால், தண்ணீர், அப்பா, வா, போதும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். கடைசியில் இவனே கேட்டு வாங்கியது விமானம். நடு மூன்று விரல்களை மடக்கி, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் இறக்கை போல விரித்து, கையை அப்படியே மேலே ஏற்ற வேண்டும்.

சனிக்கிழமை வந்தது. மனைவிக்குக் கடையில் பகல் ஷிஃப்ட். அவன் லீவு போட்டிருந்தான். கிளம்பும்போது அவள் சொன்னாள்:

"வீட்ல இருந்தீங்கன்னா நாள் முழுக்கத் தட்டைத் தட்டிக்கிட்டே இருப்பீங்க. உங்களுக்கும் பைத்தியம் பிடிக்கும், பிள்ளைக்கும் பிடிக்கும். எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க."

"எங்க போறது?"

"உங்க பொண்ணுக்கு எதைப் பாத்தா உயிரோ அதைக் காட்டுங்க. ஏரோப்ளேன் மியூசியம்தான் இருக்கே."

அவனுக்கும் அது சரி என்று பட்டது. டயபர், மாற்றுத் துணி, பால் பாட்டில், பிஸ்கட் எல்லாம் ஒரு பையில் திணித்து, வாண்டுவைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்து பஸ் பிடித்தான். பஸ்ஸில் ஏறும்போது தள்ளுவண்டி மடங்க மறுத்தது. பெரிய பெரிய மோட்டாரையெல்லாம் பிரித்து மாட்டுகிறவன், அந்தச் சின்ன வண்டியோடு மல்லுக்கட்டி, பின்னால் நின்றவர்களிடம் திட்டு வாங்கி, ஒரு வழியாக உள்ளே போய் உட்கார்ந்தான்.

அருங்காட்சியகம் ஊரின் ஓரத்தில், பழைய விமான ஓடுதளத்தை ஒட்டி இருந்தது. தகரக் கூரை போட்ட பிரமாண்டமான கொட்டகை. நுழைவுச் சீட்டு கொடுத்த பெண்மணி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வாண்டுவை எட்டிப் பார்த்து, "இந்த மேடத்துக்கு டிக்கெட் வேணாம். ஆனா எதையாவது உடைச்சா உங்களைத்தான் பிடிச்சு வெச்சுக்குவோம்" என்றார்.

உள்ளே போனதும் அவனுக்கே வாய் பிளந்துவிட்டது. மூக்கு நீண்டவை, வயிறு பெருத்தவை, துணி போர்த்திய இறக்கை உள்ளவை என்று விதவிதமாக விமானங்கள். நான்கைந்து கூரையிலிருந்து கம்பியில் தொங்கின. தொழில் புத்தி போகுமா? விமானத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கம்பியைத்தான் பார்த்தான். நல்ல கனமான கம்பி, முனையில் கவ்விகள் சரியாகவே இருந்தன. நிம்மதியாக அதன் அடியில் நடந்தான்.

வாண்டு விமானத்தைப் பார்ப்பாள், துள்ளிக் குதிப்பாள் என்று அவன் நினைத்தது நடக்கவில்லை. வண்டியிலிருந்து இறக்கி விட்டதும் அவள் கண்ணில் பட்டது தடுப்புக் கயிற்றின் பித்தளைக் கொக்கி. அதைக் கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள். காவலர் வந்து முறைத்தார். அங்கிருந்து தூக்கிக்கொண்டு போனால், பழைய போர் விமானம் ஒன்றின் அடியில் எண்ணெய் சொட்டுவதைப் பிடிக்க வைத்திருந்த தட்டு அவளுக்குப் பிடித்துப்போனது. மண்டி போட்டு உட்கார்ந்து, ஒரு சொட்டு விழுந்ததும் அடுத்த சொட்டுக்காகக் காத்திருந்தாள்.

"அடியே, மேல பாருடி. இவ்வளவு தூரம் வந்து எண்ணெய்ச் சட்டியையா பாக்குறே?" என்றான். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று நினைத்தான்.

அவள் எதிரே போய்க் குந்தினான். அவள் கண் தன் மேல் படும் வரை காத்திருந்தான். பிறகு விமானத்தைக் காட்டினான். விரல்களை மடக்கி, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, கையை மெல்ல மேலே ஏற்றினான்.

வாண்டு கையைப் பார்த்தாள். விமானத்தைப் பார்த்தாள். அவனுடைய சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தாள். அதோடு எண்ணெய்ச் சட்டிக்குத் திரும்பிவிட்டாள்.

அவன் விடவில்லை. கூடத்தில் இருந்த ஒவ்வொரு விமானத்தின் முன்னாலும் நின்று அதைச் செய்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கும்பலாக வேடிக்கை பார்த்தார்கள். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அந்தக் கூடத்தின் கடைசியில் ஒரு பயணிகள் விமானம். படியேறி உள்ளே போகலாம், பைலட் சீட்டில் உட்காரலாம். அவன் சீட்டில் உட்கார்ந்து வாண்டுவை மடியில் வைத்துக்கொண்டான். எதிரே கடிகாரம் கடிகாரமாக வட்டங்கள், கைக்கெட்டும் தூரத்தில் எத்தனையோ சுவிட்சுகள். வாண்டுவுக்குச் சொர்க்கம் கிடைத்த மாதிரி. ஒவ்வொரு சுவிட்சையும் மேலும் கீழும் தட்டினாள்.

பின்னால் வரிசை நீண்டுவிட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவன் அவளைத் தூக்கினான். வாண்டு உடம்பை வில்லாக வளைத்து, காலை உதைத்து, அழ ஆரம்பித்தாள். படியில் இறங்கும் வரை ஒரே ரகளை. கீழே வந்து அவளைத் தரையில் விட்டான். கண்ணீர் ஒழுக நிமிர்ந்து பார்த்தவள், விமானத்தின் மூக்கைக் கண்டாள். சட்டென்று அழுகை நின்றது. வலது கையைத் தூக்கினாள். விரல்கள் சரியாக மடங்கவில்லை. ஐந்தும் ஏறக்குறைய விரிந்தேதான் இருந்தன. ஆனால் கை மேலே ஏறியது. ஏற்றிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

'அங்கே போகணும்' என்கிறாள்.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அங்கேயே மண்டி போட்டு அவளைக் கட்டிக்கொண்டான். என் மகள் என்னிடம் ஒரு சொல் சொல்லிவிட்டாள்! வாயால் சொன்னால் என்ன, கையால் சொன்னால் என்ன? திங்கட்கிழமை அந்த மருத்துவர் எதைச் சொன்னாலும் சரி, இவளோடு பேச வழி இருக்கிறது. பல வாரங்களாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அங்கேயே பாதி இறங்கியது. மறுபடியும் வரிசையில் நின்று பைலட் சீட்டில் உட்கார வைத்தான். இந்த முறை செருமியவரைப் பார்த்து இவனே சிரித்தான்.

மதியம் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: வெளியே பழைய எஞ்சின் ஒன்றை இயக்கிக் காட்டப் போகிறார்கள், பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம்.

கொட்டகைக்குப் பின்னால் திறந்த வெளியில், இரும்புச் சட்டத்தில் விமான எஞ்சின் மட்டும் தனியாக நின்றது. முன்னால் ஆள் உயர விசிறி, அதைச் சுற்றி வலைக்கூண்டு. தள்ளி ஒரு கயிறு கட்டி, கூட்டத்தை அதற்கு இந்தப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். எஞ்சினைக் கவனித்துக்கொண்டவள் நடுத்தர வயதுப் பெண். முடியைக் குட்டையாக வெட்டி, எண்ணெய்க் கறை படிந்த முழு உடுப்பு போட்டிருந்தாள். ஒரு கூடை நிறையக் காதுமூடிகளோடு வரிசையாக வந்தாள்.

"இது ரொம்ப வயசான எஞ்சினுங்க. எழுந்திருக்கும்போது முதல்ல இருமும், அப்புறம் திட்டும், அப்புறம்தான் ஓடும். யாரும் பயப்படாதீங்க. சின்னப் பிள்ளைங்களுக்குக் கண்டிப்பாக் காதுமூடி போடுங்க" என்று சொல்லி, ஒரு குட்டிக் காதுமூடியை அவன் கையில் கொடுத்தாள்.

அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அந்த எண்ணம் யாரும் கூப்பிடாமலே வந்தது: போடாமல் விட்டால் என்ன? இதைவிடப் பெரிய தட்டும் கரண்டியும் எங்கே கிடைக்கும்? திங்கட்கிழமை வரை ஏன் காத்திருக்க வேண்டும்? ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடுமே.

இடுப்பில் இருந்த வாண்டு அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். 'சீ, பிள்ளை காதோடு விளையாடுவாங்களா' என்று தன்னையே திட்டிக்கொண்டு, காதுமூடியை எடுத்து அவள் தலையில் நன்றாகப் பொருத்தினான். அவளுக்கு அது பிடிக்கவில்லை. தலையை ஆட்டினாள். அவன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

எஞ்சின் இருமியது. கரும்புகை ஒரு உருண்டையாக வெளியே வந்தது. விசிறி தயங்கித் தயங்கிச் சுற்றியது. பிறகு ஒரு வெடி, இன்னொரு வெடி. கூட்டம் கைதட்டியது. வாண்டு விசிறியையே பார்த்தாள். அழவில்லை, அசையவில்லை. காதுமூடி போட்டிருக்கிறதே, அதனால்தான் என்று அவன் சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டாலும் மனசு கேட்கவில்லை.

அவன் பிடி தளர்ந்த அந்த நேரம் அவள் ஒரு கையால் காதுமூடியைப் பிடுங்கிக் கீழே எறிந்தாள்.

எஞ்சின் முழு மூச்சில் ஓட ஆரம்பித்ததும் அப்போதுதான்.

வாண்டுவின் முகம் சுருங்கியது. கண்கள் விரிந்தன. இரண்டு கைகளையும் தூக்கி, இரண்டு உள்ளங்கைகளையும் காதுகளின் மேல் பட்டென்று வைத்துப் பொத்திக்கொண்டாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. அவன் தோளில் முகத்தைப் புதைத்து வீறிட்டு அழுதாள். அழுகை அவனுக்குக் கேட்கவில்லை, மார்பில் அதிர்வாகத்தான் தெரிந்தது. அவள் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்து, ஒரு கையால் அவள் கையைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக் கொட்டகைப் பக்கம் ஓடினான்.

ஓடிக்கொண்டே சிரித்தான். நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு வயதானவர் கோபமாக எழுந்தார். "என்ன மனுஷன்யா நீ? பச்சப்பிள்ளை பயந்து கத்துது, பல்லைக் காட்டுறே!"

"ஆமாங்க, கத்துறா... நல்லாக் கத்துறா..." என்றான் அவன்.

"இதுல பெருமை வேறயா!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

எஞ்சின் நின்றது. எஞ்சினைக் கவனித்த பெண் கூட்டத்தைத் தாண்டி ஓடி வந்தாள். கையில் அவர்கள் விட்டுவிட்டு வந்த காதுமூடி. "பாப்பா ரொம்பப் பயந்துட்டாளா? நான் பாத்தேன், அவளே கழட்டிட்டா. அதான் உடனே நிறுத்தினேன். மன்னிச்சுக்கங்க."

"நீங்க எதுக்குங்க மன்னிப்புக் கேக்குறீங்க?" அவனுக்கு மூச்சு வாங்கியது. "இவளுக்குக் காது கேக்குதான்னு தெரியாம நாங்க ரெண்டு பேரும் செத்துக்கிட்டு இருக்கோம். திங்கக்கிழமை டெஸ்ட். இப்ப பாருங்க, காதைப் பொத்துறா! காதை!"

வயதானவர் மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். "அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்லப்பா" என்று முனகிவிட்டு, பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து நீட்டினார். பிள்ளைக்கா, அவனுக்கா என்று சொல்லவில்லை. அவனே துடைத்துக்கொண்டான்.

வாண்டு விக்கி விக்கி ஓய்ந்தாள். எஞ்சின்காரியின் உடுப்பில் இருந்த பளபளப்பான ஜிப்பு அவள் கண்ணில் பட்டது. கை நீட்டி அதை இழுத்தாள்.

"இழுத்துக்கோ கண்ணு. ஆனா அந்த எஞ்சின் மாதிரி நான் சத்தம் போடமாட்டேன்" என்றாள் அந்தப் பெண்.

அவன் மனைவிக்குப் போன் செய்தான். கடையில் கூட்டம் இருந்த நேரம். "என்னாச்சு? பிள்ளைக்கு என்ன?" என்று பதறினாள். அவன் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னான்.

"தரை அதிர்ந்திருக்கும்ங்க. அதுல பயந்திருப்பா" என்றாள் மெதுவாக. நம்பிவிட்டு ஏமாற அவளுக்குத் தெம்பில்லை.

"தரை அதிர்ந்தா காலைத் தூக்கணும். காதை ஏன்டி பொத்தணும்?"

யாரோ வாடிக்கையாளர் இருமல் மருந்து கேட்பது அவனுக்குக் கேட்டது.

"ரெண்டு கையாலயுமா?"

"ரெண்டு கையாலயும்."

"சரி, வெச்சுடறேன்" என்று வைத்துவிட்டாள். கடைக்குப் பின்னால் மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள் என்பதை அவள் சொல்லவில்லை. கூட வேலை செய்கிற பெண் சொல்லித்தான் பிறகு அவனுக்குத் தெரிந்தது.

அவனும் விவரம் தெரியாதவன் இல்லை. பெரிய சத்தம் கேட்கிறது என்பதால் எல்லாம் கேட்கிறது என்று ஆகாது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதை நினைத்துக்கொண்டே இருந்தான். ஆனால் அன்று அந்த வீட்டில் யாரும் தட்டைத் தட்டவில்லை. மனைவிக்கு விமானச் சைகையைக் காட்டினான். அவள் வாண்டுவைப் பார்த்துச் செய்தாள். வாண்டு திருப்பிச் செய்துவிட்டு வாசல் கதவைப் போய்த் தட்டினாள்.

திங்கட்கிழமை காது மருத்துவமனையில், சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். அம்மா மடியில் வாண்டு. ஒரு மூலையிலிருந்து சத்தம் வரும். அவள் திரும்பினால் அங்கே ஒரு பொம்மை விளக்கோடு ஆடும். கண்ணாடிக்கு வெளியே நின்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான். மெல்லிய சத்தங்களுக்கு அவள் திரும்பவில்லை. சத்தம் கொஞ்சம் கூடியது. திரும்பினாள். மறுபக்கம் கொடுத்தார்கள். திரும்பினாள். அதன் பிறகு காதுக்குள் ஒரு சின்னக் கருவியை வைத்துப் பார்த்தார்கள்.

மருத்துவர் இளம்பெண். நாற்காலியை இழுத்து அவர்களுக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டாள்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ரெண்டு பேரும் மூச்சு விடுங்க" என்றாள். "காது நரம்புல கோளாறு இருக்கற மாதிரி தெரியல. செவிப்பறைக்குப் பின்னால சளி மாதிரி நீர் கட்டிக்கிட்டிருக்கு, ரெண்டு பக்கமும். நீங்க தண்ணிக்குள்ள முங்கிட்டு, வெளிய யாராவது பேசினா எப்படிக் கேக்கும்? அப்படித்தான் இவளுக்கு எல்லாம் கேட்டுக்கிட்டிருக்கு. சளி குறையும்போது கொஞ்சம் தெளிவா இருக்கும், கூடினா மந்தமாயிடும்."

"அதனாலதான் ஒரு நாள் திரும்புறா, ஒரு நாள் திரும்பலையா?" என்று மனைவி கேட்டாள்.

"ஆமாம்மா. கொஞ்ச நாள் பாப்போம். தானா வடியலேன்னா ஒரு சின்ன ஆபரேஷன். செவிப்பறையில ஒரு பொடிக் குழாய் வெச்சா நீர் நிக்காது. அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

"அப்போ நான் பேசினது?" என்றான் அவன்.

மருத்துவருக்குப் புரியவில்லை. "எது?"

"இத்தனை நாளா இவகிட்ட நான் பேசினதெல்லாம்... அவளுக்குக் கொஞ்சமாவது போயிருக்குமா?"

"உங்க குரல் கொஞ்சம் கனமான குரல்தான்" என்று அவள் சிரித்தாள். "பக்கத்துல உக்காந்து பேசினது நிறையவே போயிருக்கும். வார்த்தை தெளிவா இருந்திருக்காது. ஆனா அப்பா பேசறார்ன்னு தெரிஞ்சிருக்கும்."

நாற்காலியில் அப்படியே சாய்ந்தான். மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வாண்டு மருத்துவரின் மேசையிலிருந்த பேனாவை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

நீர் தானாக வடியவில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்துக் குழாய் வைத்தார்கள். வாண்டு ஆபரேஷன் அறைக்குள் போன நேரம் முழுக்க மனைவி அவன் சட்டையைக் கசக்கிக்கொண்டே இருந்தாள்; வெளியே வந்தபோது சட்டை பார்க்கச் சகிக்கவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வாண்டு திடுக்கிட்டாள். நாற்காலியை இழுத்தால் திரும்பினாள். தன் கையால் கதவை மூடி, அந்தச் சத்தத்துக்குத் தானே பயந்து, மறுபடியும் திறந்து மூடினாள்.

பட்டறையில் பெயிண்டரிடம் நடந்ததை எழுதிக் காட்டினான். பெயிண்டர் அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டான். பிறகு, 'அதுக்காக நம்ம பாடத்தை நிறுத்தாதே. உன் கை இன்னும் உளறுது' என்று எழுதினான். பாடம் தொடர்ந்தது. வீட்டில் மூன்று பேரும் கையாலும் பேசினார்கள், வாயாலும் பேசினார்கள்.

வாண்டுவின் வாயிலிருந்து முதலில் வந்தது 'அம்மா'வும் இல்லை, 'அப்பா'வும் இல்லை. ஒரு நாள் காலை அவன் அவளுக்குச் சட்டை போட்டுவிடப் போனான். பேச்சு வேலையையும் சேர்த்தே பார்த்துக்கொண்டிருந்தான்: "இந்தக் கையை இங்க விடு, அந்தக் கையை அங்க விடு, எங்க என் ராசாத்தி..."

"வேணாம்" என்றாள் அவள்.

அவன் சட்டையைப் பிடித்தபடி நின்றுவிட்டான். சமையலறையிலிருந்து மனைவி கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"என்ன சொன்னா?"

"வேணாமாம்" என்றான் அவன். "கேளு, நீயே கேளு. வாண்டு, சட்டை போடலாமா?"

"வேணாம்."

"பால் குடிக்கிறியா?" என்று அம்மா கேட்டாள்.

"வேணாம்!"

அன்று காலை அவன் வேலைக்குத் தாமதமாகத்தான் போனான். இருவரும் தரையில் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் இருக்கிற பொருளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி வேண்டுமா வேண்டுமா என்று கேட்க, அவள் சட்டை போடாமல் நடுவில் நின்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.